நலங்கு மாவும் நானும்

எங்கள் வீட்டுக் குளியலறை மாடத்தில் இப்போது பதினேழு புட்டிகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒன்றில் கற்றாழை, ஒன்றில் வேப்பிலை, ஒன்றில் குங்குமப்பூ, இன்னொன்றில் ஏதோ கடல் பாசி. எல்லாவற்றின் மேலும் தவறாமல் ஒரு பச்சை இலைப் படம். இவற்றில் எனக்குச் சொந்தமானது ஒரே ஒரு சோப்புக்கட்டி. அதையும் யாராவது துணிக்குப் போட எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

என் அப்பாயி காலத்தில் இந்த இடத்தில் ஒரே ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. அதில் நலங்கு மாவு இருந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். சித்திரை வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளாகப் பார்த்து, அப்பாயி மொட்டை மாடியில் பழைய வேஷ்டியை விரித்துப் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், ரோஜா மொட்டு, கார்போக அரிசி எல்லாவற்றையும் காயப் போடுவாள். ஆவாரம்பூவை நாங்கள் வாய்க்கால் கரையில் பறித்து வர வேண்டும். காக்கை விரட்டுவது என் உத்தியோகம். சம்பளம் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை.

காய்ந்ததை மாவு மில்லுக்கு எடுத்துக்கொண்டு போகும்போது அப்பாயி கூடவே ஒரு படி அரிசியும் எடுத்துக்கொள்வாள். அதற்கு முன் மில்லில் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் நம் கதி என்ன? ஆகையால் முதலில் அரிசியை ஓட்டி, இயந்திரத்தின் வாயைக் கழுவிய பிறகே மாவுக்கு முறை வரும். தலைக்குச் சீயக்காய், உடம்புக்கு இந்த மாவு. வெள்ளிக்கிழமை பெண்களுக்கு, சனிக்கிழமை ஆண்களுக்கு.

எங்கள் குடும்பத்தில் நிறம் ஒரே தினுசாக இராது. அத்தை நல்ல சிவப்பு. அப்பா கருப்பு. அப்பாயி அவரையும் விடக் கருப்பு. அந்த மாவை ஆயுள் முழுவதும் தேய்த்துக் குளித்த அப்பாயி கடைசி வரை கருப்பாகவே இருந்தாள். அதற்காக மாவின் மேல் யாரும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் அது வெளுக்க வைக்கும் என்று அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. “வேர்வை நாத்தம் போகும். சொறி அண்டாது” என்பாள். அவ்வளவுதான் அவள் செய்த விளம்பரம்.

நிற்க. இந்தக் கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் என் மூத்த பெண். பதினாறு வயது. முகம், குரல், பிடிவாதம் எல்லாம் அப்பாயி. நிறமும் அப்பாயிதான்.

போன தை மாதம் என் தங்கை வீட்டில் ஒரு கல்யாணம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி மூலமாக அவள் ஒரு சின்ன டப்பா வாங்கி வைத்திருக்கிறாள். பிறந்த நாளைக்கு வந்த பணம். டப்பாவின் மேல் இரண்டு துளசி இலையும் ‘முற்றிலும் இயற்கை மூலிகை’ என்ற வார்த்தைகளும் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. எங்களுக்குத் தெரியாமல் இரவில் பூசிக்கொண்டிருக்கிறாள்.

பதினைந்தே நாளில் முகம் பளிச்சென்று ஆயிற்று. கல்யாண வீட்டில் வந்தவர் போனவர் எல்லாரும், “அடேயப்பா, பொண்ணு நல்ல கலரா வந்துட்டாளே!” என்றார்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன், கேட்டு மகிழ்ந்தேன். இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாம்தான். விட்டுவிட்டால் பிறகு இந்தக் கட்டுரை எதற்கு?

மாசியில் டப்பா காலியாயிற்று. மறு டப்பா கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை குழந்தை கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். முகம் செக்கச் செவேல் என்று சிவந்து, பொடிப் பொடியாகக் கட்டி கிளம்பியிருந்தது. தண்ணீர் பட்டாலே எரிச்சல். என் மனைவி கதவைத் தட்டினாள்; நான் தட்டினேன்; கடைசியில் சின்னவள் போய்த் தட்டியபோது திறந்தது.

திருச்சியில் எங்களுக்குத் தெரிந்த தோல் டாக்டரம்மாள் ஒருவர் இருக்கிறார். அவர் டப்பாவைக் கையில் கூட வாங்கவில்லை. முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். “ஸ்டீராய்டு கலந்திருக்கும் சார். வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள்.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்துதான். கரப்பான் போன்ற வியாதிகளுக்கு டாக்டர்கள் அளவு பார்த்துக் கொடுப்பது. ஆனால் முகத்தில் தினம் பூசினால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, நிறம் மங்கி, தோல் மெலிந்துவிடுகிறது. மெலிந்ததைத்தான் நாம் பளபளப்பு என்று கொண்டாடுகிறோம். நிறுத்தினால் சுருங்கிய குழாய்கள் எல்லாம் ஒரேயடியாக விரிந்து முகம் தீப்பிடித்த மாதிரி ஆகிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசுவார்கள். சாராயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. துளசி இலைப் படம் போட்ட டப்பா சீட்டு கேட்குமா?

“ஸ்டீராய்டோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள்” என்று டாக்டரம்மாள் இன்னொரு சங்கதியும் சொன்னார். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021-க்கும் 2023-க்கும் நடுவில், ஒரே மாதிரியான சிறுநீரகக் கோளாறோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை. விசாரித்துப் பார்த்தால் அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். களிம்பில் இருந்தது பாதரசம். தோலில் நிறம் உண்டாவதற்கு வேண்டிய ஒரு நொதியைப் பாதரசம் முடக்கிவிடும். முகம் வெளுக்கும், பாதரசம் தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று மாதத்துக்கு முகத்தில் சாதாரண ஈரப்பசைக் களிம்பைத் தவிர ஒன்றும் படக்கூடாது என்று உத்தரவாகி நாங்கள் வீடு திரும்பினோம்.

இத்துடன் நின்றிருந்தால் குற்றம் முழுவதையும் டப்பாக்காரன் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அன்று இரவு எனக்குப் பாரம்பரியப் பற்று பொங்கிவிட்டது. ‘அப்பாயி மாவு இருக்க, நாம் ஏன் கண்ட டப்பாவைத் தேட வேண்டும்?’ என்று வீராவேசமாகப் பேசினேன். மறுநாளே பெரிய கடை வீதி நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாங்கி வந்தேன். முகத்தில் பூசக் கூடாது என்றுதானே டாக்டரம்மாள் சொன்னார்? கை, கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாவைக் குழைத்து, குணம் கூடட்டும் என்று ஒரு எலுமிச்சம்பழத்தைத் தோலோடு கசக்கிப் பிழிந்து விட்டு, “பூசிக்கொள் அம்மா, இது நம்ம அப்பாயி சொத்து” என்று நானே கொடுத்தேன். அப்பாயி எலுமிச்சம்பழம் சேர்த்ததே இல்லை. அது என் சொந்தச் சரக்கு.

அவள் பூசிக்கொண்டு, கழுவியும் கழுவாமலும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டாள். பங்குனி வெயிலில் பகல் ஒரு மணி வரை எறிபந்து. மறுநாள் கையில் எரிச்சல். அதற்கு மறுநாள் கொப்புளம். ஒரு வாரத்தில், களிம்பு வழிந்த இடமெல்லாம் சாட்டையால் அடித்த மாதிரி கருஞ்சிவப்புக் கோடுகள்.

மறுபடியும் டாக்டரம்மாள். இந்த முறை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். எலுமிச்சம்பழத் தோலிலும் சாற்றிலும் ஸோரலென் வகைப் பொருள்கள் இருக்கின்றனவாம். அவை தோலில் இருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துவிடும். ஆறினாலும் கறை வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில், நிற்கும்.

“மாவில் வேறு என்ன போட்டீர்கள்?” என்று கேட்டார். பட்டியலை ஒப்பித்தேன். கார்போக அரிசி என்றதும் நிறுத்தினார்.

“ஸோரலென் என்ற பெயரே அந்தச் செடியின் தாவரப் பெயரிலிருந்து வந்ததுதான் சார். வெண்புள்ளிக்கு நம் வைத்தியர்கள் பல நூறு வருஷமாகக் கொடுக்கிற மருந்து அது. வெள்ளையாகிப் போன தோலில் மறுபடி கருப்பைக் கொண்டு வருவதற்கு! இன்றைக்கும் நாங்கள் ஸோரலென் கொடுத்து, புற ஊதா விளக்கின் கீழே நிறுத்தி, அந்த வைத்தியம் செய்கிறோம்.”

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. மகளை வெளுக்க வைக்கும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசையோடு நான் கொடுத்த மாவில், வெயிலோடு சேர்ந்தால் கருக்க வைக்கிற விதை இருந்திருக்கிறது! உள்ளுக்குள் ஆசை இருந்தது என்பதும் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அப்பாயி அந்தி சாய்ந்த பிறகோ, சூரியன் ஏறும் முன்போ தேய்த்து, குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி விடுவாள். காரணம் தெரிந்து செய்தாளோ, கிணற்றடியில் கூட்டம் இல்லாத நேரம் என்று செய்தாளோ!

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டும் ஒதுங்கியவன். அந்த இரண்டு வருஷமும் ரசாயனம் என்னைத் துரத்த நான் ஓடிக்கொண்டிருந்தேன். இந்த வயதில் திரும்பி நின்று அதைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது. டாக்டரம்மாளைக் கேட்டும், அவர் சொன்னவற்றைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நம் தோலின் மேல் ஏடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் கனம். செத்த செல்களைச் செங்கல் மாதிரி அடுக்கி, நடுவில் கொழுப்பைச் சாந்தாகப் பூசிய மதில் அது. அதன் மேல் லேசான புளிப்புத் தன்மை உண்டு. சாதாரண சோப்புக்கட்டி காரமானது. அழுக்கோடு சாந்தையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போகும். குளித்தபின் தோல் இழுத்துப் பிடிக்கிறதே, அது இதுதான். பாசிப்பயற்றம் மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, தளர்ந்த செதில்களை மெல்ல உரசி எடுக்கிறது. மதிலை அதிகம் இடிப்பதில்லை. குளித்தபின் தெரிகிற பளபளப்பு அதனால் வருவது. நிறம் மாறியதால் அல்ல.

கஸ்தூரி மஞ்சள் சமையல் மஞ்சள் அல்ல, வேறு ஜாதி. கறை அதிகம் ஒட்டாது. ஆனால் அந்தப் பெயரில் கடையில் வேறு கிழங்குகளும் விற்கின்றன. சமையல் மஞ்சளின் பெருமை நமக்கு எவ்வளவு பழக்கம் என்றால், 1995-ல் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தபோது நம்மவர்களுக்குக் கோபம் வந்தது. நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் ஆட்சேபித்து, பழைய நூல்களையும் கட்டுரைகளையும் சான்று காட்டியது. 1997-ல் காப்புரிமை ரத்தாயிற்று. நம் பாட்டிமார் ஜெயித்த வழக்கு அது. ஆனால் அவர்கள் ஜெயித்தது புண் ஆற்றும் என்பதற்கு. வெளுக்கும் என்பதற்கு அல்ல.

எண்ணெய் விஷயமும் அப்படித்தான். வங்காள தேசத்து டாக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். தடவாத சிசுக்களை விட இவற்றுக்கு ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய் 41 சதவிகிதம் குறைவு. சாந்து உறுதியானால் கிருமி நுழைவதில்லை. அதே சமயம் 2004-ல் மணிலாவில் வறண்ட தோல்காரர்கள் 34 பேருக்குத் தேங்காய் எண்ணெயையும், மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த மினரல் ஆயிலையும் கொடுத்துப் பார்த்ததில் இரண்டும் சமமாகவே வேலை செய்தன. தென்னை மரத்தில் வந்ததா, பூமிக்குள்ளிருந்து வந்ததா என்று தோல் ஜாதகம் பார்ப்பதில்லை.

என் பழைய பகையாளியான கார்போக அரிசிக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. அதிலிருந்து ‘பாக்குச்சியால்’ என்று ஒன்றைப் பிரித்தெடுத்து, ஸோரலெனை நீக்கிவிட்டு, சுருக்கம் போக்கும் களிம்புகளில் சேர்க்கிறார்கள். 2019-ல் வந்த ஓர் ஆராய்ச்சியில் 44 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில், இதற்கென்றே பேர்போன ரெட்டினாலுக்கு அது சளைக்கவில்லை, எரிச்சலும் குறைவு. என் மாடத்துப் பதினேழு புட்டிகளில் ஒன்றில் அது இருக்கிறது. எங்கள் மாடியில் நான் காக்கை விரட்டிய விதை, கால் சாண் புட்டிக்குள் அடைபட்டு, வாயில் நுழையாத பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

டாக்டரம்மாள் சொன்னதில் என் மனத்தில் அதிகம் தைத்தது வேறு. நிறத்தை உண்டாக்கும் செல்கள் கருப்பருக்கும் சிவப்பருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதானாம். அவை செய்கிற நிறமியின் அளவிலும் வகையிலும், அது பரவுகிற விதத்திலும்தான் வித்தியாசம். நம் வெயிலுக்கு அது குடை. ஒரு மாவோ களிம்போ அந்தக் குடையைப் பிடுங்கினால், அது நல்ல காரியமா?

இதையெல்லாம் மகளிடம் போய் உற்சாகமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மேஜை அறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

“அப்பா, வெளியே போக முடியாம வீட்டுலேயே இருந்தேனில்ல, உங்க பதினொரு நாவலையும் படிச்சிட்டேன்.”

எழுத்தாளனுக்கு இதை விட இனிய செய்தி உண்டா? “எது பிடித்தது?” என்றேன்.

“கதாநாயகி எல்லாம் என்ன நிறம்னு குறிச்சு வெச்சிருக்கேன். சந்தன நிறம் நாலு. எலுமிச்சம்பழம் மூணு. மாம்பழம் ரெண்டு. தந்தத்துல கடைஞ்ச மாதிரி ஒண்ணு. ஒருத்திக்கு மட்டும் நிறம் சொல்லலை.”

நான் பேசவில்லை.

“கருப்பா வர்றது யாரு தெரியுமாப்பா? ஒரு வேலைக்காரி, ரெண்டு அடியாள், அப்புறம் அந்தப் பூக்காரக் கிழவி.”

“கிழவி ரொம்ப நல்லவளாயிற்றே அம்மா!”

“ஆமாம்ப்பா. ஆனா அவளைக் கல்யாணம் பண்ணிக்கன்னு யாரும் வரலியே.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பா விற்றவன் யார் என்று இரண்டு மாதமாக விசாரித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இருபது வருஷமாக விளம்பரம் எழுதிக் கொடுத்தவன் யார் என்று விசாரிக்கவில்லை. அவன் என்னிடம் ஒரு காசு கொடுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இப்போது அவள் முகம் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. கைக் கோடுகளும் மங்கிவிட்டன. இந்தச் சித்திரையில் நாங்கள் இருவருமாக மாவு இடித்தோம். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா மொட்டு. கார்போக அரிசி இல்லை. எலுமிச்சம்பழம் சமையலறையிலேயே இருந்துவிட்டது. முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். இது டாக்டரம்மாள் சொல்லிக் கொடுத்தது. எந்தப் புதுப் பூச்சுக்கும், அது இலையிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும், இதைச் செய்ய வேண்டுமாம்.

இன்னொரு விஷயம். அடுத்த மாதம் என் புதிய தொடர்கதை ஒரு பத்திரிகையில் ஆரம்பமாகிறது. படம் போடுகிறவருக்குக் கதாநாயகியைப் பற்றிக் குறிப்பு கேட்டிருந்தார்கள். ‘வயது 22. நெடிய உருவம். நல்ல கருப்பு. அழகி’ என்று நான்கே வார்த்தையாக, ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதி அனுப்பினேன். போன வாரம் படம் வந்தது. வெகு நேர்த்தியான படம். வயது சரி, உயரம் சரி. நிறம் மட்டும் சந்தனம்.

மகள் அதை நெடுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கூடவே அப்பாயியின் போட்டோ ஒன்றையும் வைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.